எங்கள் பாட்டு பழைய பாட்டான வருடம்

1

மெல்பர்னில் நான் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தில். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, ஒருவர் தினமும் சொல்லும் அதே கதையை முதல் தடவை கேட்பதுபோலக் கேட்பது, இவைதான் என் வேலை. புதன்கிழமை மதியம் அங்கே பாட்டு நேரம். நான் சேர்ந்த புதிதில் போர்க்காலத்துப் பாட்டுகள் போடுவார்கள். ஜோடியாக ஆடுவதற்கு ஏற்ற, மெதுவான, பித்தளை வாத்தியங்கள் நிறைந்த பாட்டுகள். அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த அறைகளுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். ஆட்களோடு பாட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

சென்ற ஆண்டு இங்கே குளிர்காலம். கெவின் என்ற முன்னாள் லாரி டிரைவருக்குத் தயிர் ஊட்டிக்கொண்டிருந்தேன். சுவரில் மாட்டிய ஸ்பீக்கரில் ஒரு பாட்டு தொடங்கியது. முதலில் டிரம்மில் நான்கு தட்டு, பிறகு கிட்டார். என் கை பாதியில் நின்றுவிட்டது. கெவின் வாயைத் திறந்தபடியே காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் தயிரை மறந்துவிட்டு, போர்வைமேல் விரல்களை வைத்து, இல்லாத கிட்டாரை வாசிக்க ஆரம்பித்தார்.

என்னோடு வேலை பார்க்கும் நேபாளத்துப் பெண் சுனிதா, "இந்த வாரத்திலிருந்து புது வரிசை அக்கா, ஓல்டீஸ். தாத்தாக்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது" என்றாள்.

அந்தப் பாட்டைத்தான் என் அண்ணன் சாலமன், தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு, விழுப்புரம் ரயில்வே காலனி மன்றத்தில் வாசித்தான். முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். "இது பாட்டா, இல்ல இஞ்சின் ஷெட்டா?" என்று அப்பா கேட்டார். அப்பா இஞ்சின் டிரைவர். அவருக்கு இரண்டின் சத்தமும் நன்றாகவே தெரியும்.

2

அந்தப் பாட்டு எங்களிடம் வந்து சேர்ந்த வழியைச் சொல்ல வேண்டும். புதுச்சேரிக்கு அருகே இரும்பை என்ற ஊரில், கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தார். அவரிடம் பெட்டி நிறைய கேசட் இருப்பதாக அண்ணன் கேள்விப்பட்டான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், அவர் வீட்டு வேலிக்கு வெளியே நின்றுகொண்டே இருந்திருக்கிறான். கடைசியில் அவரே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு கேசட்டைப் பிரதி எடுத்துக் கொடுத்து அனுப்பினார். அட்டையில் பெயர் எதுவும் இல்லை. அதைப் பாடியவர்கள் யார், எந்த நாட்டுக்காரர்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பாட்டு மட்டும்தான் வந்தது.

எங்கள் குழுவில் மூன்று பேர். அண்ணன் கிட்டார், அவனுடைய சிநேகிதன் பாஷா டிரம், நான் பாட்டு. பெண் பிள்ளை மேடையில் ஆங்கிலத்தில் கத்துகிறாள் என்று காலனியில் பேச்சு. நான் பாடியதும் முழு ஆங்கிலம் இல்லை. கேசட் சுற்றச் சுற்ற, காதில் விழுந்ததைத் தமிழில் எழுதிவைத்துப் பாடினேன். மெல்பர்ன் வந்து பல வருடம் கழித்து அந்தப் பாட்டின் உண்மையான வரிகளை ஒரு திரையில் பார்த்தேன். காதலியின் பெயர் என்று நான் உருகி உருகிப் பாடியது ஒரு நெடுஞ்சாலையின் பெயர். அண்ணனுக்குப் போன் செய்து சொன்னபோது, இருவரும் பேச முடியாமல் சிரித்தோம்.

அண்ணனுக்குக் காது அப்படி ஒரு காது. மற்றவர்கள் வாத்தியத்தைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்துச் சுதி சேர்த்துக்கொண்டு போவார்கள். நடைமேடையில் நின்றபடி, வருகிற ரயிலின் ஊதலைக் கேட்டு அது என்ன சுரம் என்று சொல்வான். பிற்பாடு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தான். பள்ளி ஆசிரியையான அண்ணியைக் கட்டிக்கொண்டு திண்டிவனத்தில் குடியேறினான். ஓய்வு பெற்ற பிறகு, மாலையில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுப்பதும், ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலில் ஞானப்பாட்டுக்கு வாசிப்பதுமாக இருந்தான்.

3

அந்தப் புதன்கிழமை வேலை முடிந்ததும் அவனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, இன்னிக்கு எங்க இல்லத்துல நம்ம பாட்டப் போட்டாங்க. பழைய பாட்டு வரிசையில சேத்துட்டாங்க."

"பழைய பாட்டா? எது, அப்பா ரேடியோவுல கேப்பாரே, அதுவா?"

"அது இல்லண்ணே. நம்ம பாட்டு. நடுவுல கிட்டார் மட்டும் தனியா வருமே, அது."

"அது எப்படிப் பழைய பாட்டாவும்?"

"நமக்கும் வயசாயிடுச்சில்ல."

அவன் சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. எதிர்முனையில் மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, "அங்க குளுரு எப்படி?" என்று கேட்டுவிட்டு, போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டான்.

அண்ணி சமையலறைக்குள் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவர வெச்சிகினு பேஜாரா இருக்கு எஸ்தரு. டிவியில பாட்டு வந்தா நிறுத்திடறாரு. கோயில்ல பாட்டு ஆரம்பிச்சா எழுந்து வெளிய போய் வேப்பமரத்தடியில நிக்கறாரு. பாஸ்டர் என்னக் கூப்ட்டு, 'சாருக்கு எங்க மேல எதுனா வருத்தமா'ன்னு கேக்கறாரு. பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதயும் விட்டுட்டாரு. கேட்டா விரலு நோவுதுன்றாரு. அந்த விரலாலதான் மல்லாட்ட தோல ஒடச்சி கடல உரிச்சிகினு இருக்காரு."

அதற்குச் சில மாதங்கள் முன்னால் அண்ணனுக்கு லேசாகப் பக்கவாதம் வந்திருந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கை கால் விழவில்லை, பேச்சு குழறவில்லை, தன் காலால் நடந்தே வீட்டுக்கு வந்தான். எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொன்னோம். நானும் இங்கிருந்து போனில் சொன்னேன். வீடியோவில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தான். தூரத்தில் இருப்பவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்துவிடுகிறது.

அடுத்த வாரம் பாஷா கூப்பிட்டார். அவர் இப்போது விழுப்புரத்தில் இருசக்கர வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறார்.

"எஸ்தரும்மா, கிறிஸ்மசுக்கு ரயில்வேயில ரிட்டயர் ஆனவங்க எல்லாம் ஒண்ணு சேர்றாங்க. பழைய பாட்டு நிகழ்ச்சி வெக்கறாங்க. நம்மள வாசிக்கச் சொல்லிக் கேக்கறாங்க. அந்தக் காலத்துல காதப் பொத்திகினு போனாங்களே, அவங்க பிள்ளைங்கதான் கேக்கறாங்க! சாலு வரமாட்டேன்றான். நீ வந்தீனா தானா எழுந்து வருவான். ஜல்தி டிக்கெட் போடு."

விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் கேட்டிருந்தார்கள். 'பாடுவதற்காக' என்று எழுதினேன். மேலாளர் கூப்பிட்டு, நான் தொழில்முறைப் பாடகியா, அப்படியானால் இரண்டாவது வருமானம் பற்றி அறிவித்திருக்கிறேனா என்று கேட்டார். 'குடும்பக் காரணம்' என்று திருத்திக் கொடுத்ததும் கையெழுத்துப் போட்டார். பிறகு யோசித்தபோது, திருத்தியதுதான் சரி என்று தோன்றியது.

மகன் ஜோயலையும் கூப்பிட்டேன். "அது உன் ஊர் அம்மா. நான் வந்து என்ன செய்யப் போகிறேன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. அவன் அறையிலிருந்து வரும் பாட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எனக்கும் தெரிவதில்லை. ஒருநாள் "இது பாட்டா?" என்று கேட்டுவிட்டு, என் வாயிலிருந்து அப்பாவின் குரல் வந்ததுபோல் இருக்க, அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

4

திண்டிவனத்தில் அண்ணன் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். கொஞ்சம் இளைத்திருந்தான். அண்ணி காபி கொடுத்தபோது பழக்கதோஷத்தில் "தேங்க்ஸ்" என்றேன். "யாருக்குச் சொல்ற?" என்று திரும்பிப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லிச் சொல்லி, அது இப்போது மூச்சுபோல வந்துவிடுகிறது.

அவனுக்கென்று நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கிப் போயிருந்தேன். நானே அவன் காதில் மாட்டி, எங்கள் பாட்டை என் போனில் ஓடவிட்டேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். நெற்றியில் வேர்வை பொடித்தது. பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்து, பிறகு கழற்றி, துடைத்து, பெட்டிக்குள் வைத்தான்.

"நல்லா இருக்கு" என்றான்.

பழைய நினைவு வந்து கலங்கிவிட்டான் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கே கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை விழுப்புரம் போனோம். அண்ணன் வர மறுக்கவில்லை. கிட்டாரை அவனே உறையில் போட்டு எடுத்து வந்தான். கடைக்கு மேலே, ரெக்சின் சுருள்கள் அடுக்கிய அறையில் பாஷா டிரம்மை வைத்திருந்தார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பாஷா குச்சியால் நான்கு தட்டினார். அண்ணன் வாசிக்கத் தொடங்கினான்.

விரல்கள் எல்லாம் சரியான இடத்துக்குத்தான் போயின. ஆனால் கிட்டாரில் சுதியே சேர்க்கவில்லை. மாதக்கணக்கில் உறைக்குள் கிடந்து தந்திகள் தளர்ந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுத்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, பழையபடி காலால் தாளம் தட்டியபடி வாசித்துக்கொண்டே போனான்.

பாஷா முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். பிறகு கையை நிறுத்தினார்.

"டேய் சாலு, இன்னாடா இது? சுதி சேக்காமயே வாசிக்கற?"

அண்ணன் நிமிர்ந்தான். பாஷாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும். கிட்டாரை மெதுவாக ஒரு ரெக்சின் சுருள்மேல் சாய்த்துவைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீ பேசறது கேக்குது. அதோ பஸ் ஆரன் அடிக்கறான், கேக்குது. காக்கா கத்துது, கேக்குது. பாட்டுதான் கேக்கல எஸ்தரு."

"கேக்கலன்னா?"

"சத்தம் வருது. ஆனா பாட்டா வரல. அலுமினியத் தட்ட எல்லாம் படிக்கட்டுல உருட்டிவிட்டா எப்படி இருக்கும், அப்படி. எது பாட்டு, எது இரைச்சல்னு தெரியல. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கே ரேடியோவப் போட்டேன். ரேடியோதான் கெட்டுப் போச்சுனு நெனச்சேன்."

"டாக்டருகிட்டச் சொன்னியா?"

"கை தூக்கச் சொன்னாங்க, தூக்கினேன். பேரு கேட்டாங்க, சொன்னேன். இத எப்படிச் சொல்றது? உயிரு பொழச்சி வந்தவன், பாட்டு கேக்கலன்னு போய் நிப்பனா?"

"மனசுக்குள்ள? மனசுக்குள்ள ஓடுமே அண்ணே, அது?"

அவன் தலையை ஆட்டினான். "அங்கயும் இல்ல. என் கூட எப்பவும் எதுனா ஒண்ணு ஓடிக்கினே இருக்கும், தெரியுமில்ல. சிக்னல் ரூம்ல உக்காந்திருந்தாலும் ஓடும். இப்ப உள்ள காலியா கெடக்குது."

அவன் டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. பாஷா படியிறங்கி வந்து எங்கள் பின்னால் நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அண்ணனின் தோளில் கை வைத்தார். அப்படியே நின்றார்.

5

அண்ணியிடம் ஏன் சொல்லவில்லை என்று திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன்.

"அவகிட்டச் சொன்னா கோயில்ல சொல்லுவா. அவங்க எல்லாரும் வீட்டுக்கு வந்து, தலையில கை வெச்சி, சுத்தி நின்னு பாட்டு பாடுவாங்க. அத நான் எப்படித் தாங்கறது?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். பிறகு இருவரும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அன்று மாலையே சொன்னான். அண்ணி கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தார். டீக்கடையில் என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னான். அண்ணி சல்லடையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் பாடினா?"

"அதுவும் அப்படித்தான்."

அண்ணி சமைக்கும்போது ஞானப்பாட்டு பாடுவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் குரலைக் கேட்டுக்கொண்டுதான் அந்த வீட்டில் காலையில் அடுப்பெரியும்.

"நான் பாட ஆரம்பிச்சா கதவ சாத்திகினு மாடிக்குப் போயிடுவாரு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "இத்தன மாசமா என் மேலதான் வெறுப்பாயிடுச்சுனு நெனச்சிகினு இருந்தேன் எஸ்தரு. ஆஸ்பத்திரியில நான் பாத்துகினது பத்தலயா, நான் எதுனா சொல்லிட்டனா, எதுனா செஞ்சிட்டனான்னு... ஒரு வார்த்த சொல்லி இருக்கக் கூடாதா இந்த மனுசன்?"

அழுதுகொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மாவு முகமெல்லாம் ஒட்டிக்கொண்டது. அண்ணன் எழுந்து போய் ஈரத்துண்டு கொண்டுவந்து, அவர் கன்னத்தைத் தானே துடைத்துவிட்டான். நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை சமையலறையில் பாட்டு இல்லை. "பாடேன், நான் மாடிக்குப் போய்க்கறேன்" என்று அண்ணன் சொன்னது கேட்டது. "வேணாங்க, நீங்க இங்கயே உக்காருங்க" என்றார் அண்ணி. அவர் தோசை ஊற்ற, அவன் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து தேங்காய் துருவினான். அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

புதுச்சேரியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். காதில் குறை எதுவும் இல்லை, மூளையில் இசையைப் புரிந்துகொள்ளும் பகுதியில் அடிபட்டிருக்கிறது, சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார். பொறுமையாகச் சொன்னார். அண்ணன் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தான்.

6

நிகழ்ச்சியை விட்டுவிடலாம் என்று பாஷாவிடம் சொன்னேன். அண்ணன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பாஷா, "சுதி நான் போன்ல பாத்து சேத்துக் குடுக்கறன்டா. நீ விரல மட்டும் வெய்யி" என்று கெஞ்சினார்.

"கேக்காம வாசிச்சா அது டைப் அடிக்கற மாதிரிடா. ஆள வெச்சி வாசிங்க. நான் முன்னால உக்காருறேன்."

மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் ஓர் இளைஞனைப் பாஷா பிடித்தார். அவனுக்கு அந்தப் பாட்டு அதற்கு முன் தெரியாது. இணையத்தில் கேட்டு இரண்டே நாளில் கற்றுக்கொண்டு வந்தான்.

மன்றத்துக்குப் புதிதாக வண்ணம் அடித்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில், அப்போது எங்களோடு ஓடிப்பிடித்து விளையாடியவர்கள் மூட்டுவலித் தைலம் மணக்க உட்கார்ந்திருந்தார்கள். "அடுத்து, ஒரு பழைய ஆங்கிலப் பாடல்" என்று அறிவித்தார்கள். இந்தத் தடவை யாரும் காதைப் பொத்தவில்லை. ஒருவர் பேரனைத் தூங்கவைக்க மடியில் தட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பாட்டு ஒரு குழந்தையின் தூக்கத்தைக்கூடக் கெடுக்காத பாட்டாகிவிட்டிருந்தது.

நான் பாடினேன். உண்மையான வரிகள் தெரிந்திருந்தும், அன்று எழுதிவைத்துப் பாடிய அந்தத் தப்பான வரிகளையே பாடினேன். முன்வரிசையில் அண்ணன் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் காதுக்குள் என்ன விழுந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். சட்டைக் காலர் நனைந்திருந்தது. அண்ணி அவன் கையைப் பிடித்து, வெளியே போகலாம் என்று சைகை செய்தார். அவன் அசையவில்லை. கிட்டார் தனியாக வரும் இடத்தில் அந்த இளைஞனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே போகும் இடத்தில் என் குரல் பிசிறியது.

கைதட்டினார்கள். நான் இறங்கி வந்தேன்.

"அந்தத் தம்பி எப்படி வாசிச்சான்?" என்று கேட்டான்.

"சுத்தமா வாசிச்சான்."

"என்ன விட நல்லாவா?"

"இல்லண்ணே."

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ரொம்ப நல்லா வாசிச்சிருக்கான்" என்றான். எழுந்து போய் அந்த இளைஞனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். பாஷாவின் கடையில் விட்டுவந்த கிட்டாரை உறையோடு அந்த இளைஞனுக்கே கொடுத்துவிடச் சொன்னான். பாஷாதான், கொஞ்ச நாள் போகட்டும் என்று தன் கடை மாடியிலேயே வைத்துக்கொண்டார்.

பாடிய வீடியோவை ஜோயலுக்கு அனுப்பினேன். அவன் ஒரு இதயம் போட்டான். முழுதும் பார்த்தானா என்று நான் கேட்கவில்லை.

7

திரும்பி வந்து சில மாதங்களாகின்றன. அண்ணனுக்குப் பாட்டு திரும்பவில்லை. பாஸ்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். யாரும் சுற்றி நின்று பாடவில்லை, அண்ணி தடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முதலிலேயே கோயிலுக்குப் போய்விடுகிறார். அங்கே மட்டும்தான் இப்போது பாடுகிறாராம். அண்ணன், பாட்டெல்லாம் முடிந்து பிரசங்கம் தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துகொள்கிறான். இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் தனியாக இருந்து என்னைக் கூப்பிடுகிறான். அது எனக்கு வேலை முடிந்து காருக்கு வரும் நேரம்.

முதல் சில வாரங்கள் பருவநிலை, மாத்திரை, விலைவாசி என்று பேசிக்கொண்டிருந்தோம். சென்ற வாரம் சொன்னான்:

"எஸ்தரு, அந்தப் பாட்டச் சொல்லு."

"பாடவா அண்ணே?"

"பாடாத. சொல்லு. நீ சொன்னா கேக்குது இல்ல?"

காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் ஆரம்பித்தேன்.

"மொதல்ல பாஷா அண்ணன் நாலு தட்டு தட்டுவாரு. அப்புறம் நீ. கீழ இருந்து, தடியா, ரெண்டு தடவ ஒரே மாதிரி. மூணாவது தடவ கொஞ்சம் மேல போய், அங்கயே நின்னுடும். ரயிலு சிக்னலுக்கு நிக்கற மாதிரி."

"உம்."

"அப்ப நான் வருவேன். மெதுவா, பேசற மாதிரி. எனக்குப் பின்னால நீ சின்னச் சின்னதாப் போட்டுக்கினே வருவ. நான் மூச்சு விடற எடத்துல மட்டும் கொஞ்சம் சத்தமா."

"ஆமா. அங்க சத்தமாத்தான் போடுவேன்."

"அப்படியே ஏறும். பாஷா அண்ணனும் ஏத்துவாரு. நான் அந்த ரோட்டுப் பேரச் சொல்லிக் கத்துவேன். கத்தி முடிச்ச ஒடனே எல்லாரும் நிறுத்திடுவோம். யாரும் இல்ல. அப்ப நீ மட்டும் தனியா..."

அதற்குமேல் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அது சொல்லக்கூடியதாக இல்லை.

"இங்க நீ வாசிக்கறண்ணே" என்றேன்.

அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. திண்டிவனத்தில் அவர்கள் தெருவில் யாரோ தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. அவன் மூச்சுவிடுவது கேட்டது. இணைப்பு அறுந்துபோயிற்றோ என்று இரண்டு தடவை திரையைப் பார்த்தேன். போகவில்லை. அந்த இடம் பாட்டில் எவ்வளவு நீளமோ, கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் காத்திருந்திருப்பேன்.

"முடிச்சிட்டேன்" என்றான் அண்ணன். "இப்ப நீ எடு."